ஆறும் நூற்றிருபத்தேழும்

திருவையாறு,
கார்த்திகை 8

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்கு மழைதான் காரணம் என்றால் சிரிப்பாய். ஆனால் அதுதான் நிஜம். நாலு நாளாக விட்டுவிட்டுக் கொட்டியது. குடமுருட்டி கரையைத் தடவிக்கொண்டு ஓடுகிறது. மேலவயலில் சம்பா தூர் கட்டுகிற நேரம் பார்த்து முழங்கால் தண்ணீர். வடிகாலில் மண்டிக்கிடந்த ஆகாயத்தாமரையை ஆள் விட்டு அறுத்த பிறகு, நேற்றுதான் பயிர் தலை காட்டியது. தங்கச்சிக்கு முட்டிவலி இப்போது எப்படி? கோயம்புத்தூர்க் குளிரில் கூடியிருக்குமே.

"ரிட்டயர் ஆகியும் கம்ப்யூட்டர் முன்னால என்னதான் எண்ணிக்கிட்டிருக்கே?" என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு புரதத்துக்குள் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு. தம்பி மகள் எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு அதைத்தான் எடுத்திருக்கிறாள். அவளுக்கு உதவுகிறேன் என்று உட்கார்ந்து, இப்போது அவளைவிட நான்தான் அதிகம் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேறு யாருக்காவது என்றால் விளக்கத் திணறுவேன். நீ சர்வேயர், உனக்குச் சுலபம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுமந்து திரிந்தாயே ஒரு கன்டர் சங்கிலி, 66 அடி, 100 கண்ணி. அளந்து முடித்ததும் நடுவில் பிடித்து, இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து மடக்கிக்கொண்டே வருவாய். கடைசியில் இரண்டு பித்தளைக் கைப்பிடியும் ஒன்றாக வந்து நிற்கும். வயலில் 66 அடி தள்ளிக் கிடந்தவை உன் உள்ளங்கையில் ஒன்றையொன்று உரசும். புரதமும் அப்படிப்பட்ட சங்கிலிதான். இருபது வகைக் கண்ணி. ஒவ்வொன்றும் ஒரு அமினோ அமிலம். கோக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று போய்விடுவதால், சங்கிலியில் மிஞ்சியிருப்பதை ரெசிட்யூ என்கிறோம். மிச்சம் என்றுதான் அர்த்தம். சங்கிலி சுருண்டு மடங்கிய பிறகு எந்த மிச்சத்துக்குப் பக்கத்தில் எந்த மிச்சம் என்பதே கேள்வி. அந்த நெருக்கத்துக்குத்தான் காண்டாக்ட் என்று பெயர்.

போன வாரம் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம், அவளைப் பழைய முறைப்படி உட்காரவைத்தேன். எடுத்துக்கொண்டது லைசோசைம். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருக்கிறதே, பாக்டீரியாவின் செல்சுவரை அறுத்துப்போடும் என்சைம், அதுதான். 1965-ல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழு எக்ஸ்ரே வைத்து இதன் வடிவத்தைக் கண்டுபிடித்தது. என்சைம்களில் முதன்முதலாக வடிவம் தெரிந்தது இதற்குத்தான். 129 ரெசிட்யூ. கிராஃப் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம் குறுக்கே 129, நெடுக்கே 129. கரண்ட் போவதற்குள் அச்செடுத்து வைத்திருந்த, தொடுகிற ஜோடிகளின் பட்டியலை நான் வாசிக்க வாசிக்க, அவள் எமர்ஜென்சி லைட்டில் பென்சிலால் புள்ளி குத்தினாள். மொத்தம் 8,256 ஜோடி. அதில் தொட்டுக்கொள்பவை சில நூறுதான்.

அரை மணி நேரத்தில் தாளில் உருவம் வந்துவிட்டது. மூலைக்கு மூலை ஒரு கோடு. அது அடுத்தடுத்த கண்ணிகள் தொடுவது, அதில் செய்தி ஒன்றுமில்லை. 90-ஐத் தாண்டும் இடத்தில் அந்தக் கோடு தடித்துப் பட்டையாகிறது. அங்கே சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கிறது, ஆல்ஃபா ஹெலிக்ஸ். ஒரு சுற்றுக்கு 3.6 ரெசிட்யூ என்பதால் ஒவ்வொன்றும் நாலாவது ஆளைத் தொடுகிறது. 40-க்கும் 60-க்கும் நடுவே கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சின்னதாய் இன்னொரு கோடு. அதுதான் உன் மடக்கிய சங்கிலி. போன வழியே திரும்பி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிற பீட்டா இழைகள். உன் 100 கண்ணியை மடக்கி இப்படிப் புள்ளி வைத்தாலும் இதே குறுக்குக்கோடுதான் வரும், நீளம் மட்டும் கூடுதல்.

அப்புறம், தாளின் கோடியில், எல்லாவற்றையும் விட்டுத் தனியாக ஒரு புள்ளிக்கூட்டம். 6-ம் 127-ம். இரண்டும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம், இரண்டின் கந்தக அணுக்களும் டைசல்பைடுப் பிணைப்பில் பூட்டிக் கிடக்கின்றன. கைப்பிடிகள் சேருகிற இடம் என்று வைத்துக்கொள். இதேபோல 30-ம் 115-ம், 64-ம் 80-ம், 76-ம் 94-ம். "பெரியப்பா, நம்பர் பார்த்தா இவங்க சொந்தமேன்னு தெரியாதே" என்றாள். தெரியாதுதான்.

ஆனால் தொடுவது என்பதற்கு எவ்வளவு தூரம் வைப்பது? இங்கேதான் ஆளுக்கொரு அளவுகோல். ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு கண்ணியிலும் சங்கிலியின் முதுகெலும்பில் இருப்பது ஆல்ஃபா கார்பன், அதிலிருந்து கிளைக்கும் பக்கச் சங்கிலியின் முதல் கார்பன் பீட்டா. பீட்டா கார்பனுக்கும் பீட்டா கார்பனுக்கும் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் காண்டாக்ட் என்பது பரவலான வழக்கம். கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பீட்டா கார்பனே கிடையாது, அதற்கு மட்டும் ஆல்ஃபா கார்பன். ஆல்ஃபாவை மட்டுமே வைத்து அளந்தால், முதுகோடு முதுகு காட்டி நிற்கும் இரண்டையும் தொடுகிறது என்று எழுதிவிடுவோம். மொத்த மடிப்பைப் பார்க்க 8 போதும். நிஜமாகவே யார் யாரை உரசுகிறார்கள் என்று பார்க்க, ஹைட்ரஜன் நீங்கலான அணுக்களுக்கிடையே 4.5 வைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அளவைச் சொல்லாமல் காண்டாக்ட் எண்ணிக்கையை மட்டும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எந்த அடிக்கோலில் அளந்தது என்று எழுதாத பத்திரம் மாதிரி.

இந்த 8 ஆங்ஸ்ட்ராமுக்கு நம்ம காவிரிக்கரையோடு சம்பந்தம் உண்டு. நாம் காலேஜில் இருந்த காலத்தில், 1978-ல், திருச்சியில் மணவாளனும் பொன்னுசாமியும் ஒவ்வொரு ரெசிட்யூவைச் சுற்றியும் 8 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் உருண்டை போட்டு, அதற்குள் தண்ணீரை வெறுக்கும் கூட்டம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். நேச்சர் இதழில் வந்தது. பிறகு 2001-ல் குரோமிஹாவும் செல்வராஜும், சங்கிலியில் 12 கண்ணிக்கு மேல் தள்ளி இருந்தும் 8-க்குள் வருகிற ஜோடிகளை மட்டும் எண்ணினார்கள். அப்படிப்பட்ட தூரத்து உறவு அதிகமுள்ள சின்னப் புரதங்கள் மடங்குவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். பக்கத்துவீட்டுச் சம்பந்தம் சீக்கிரம் முடிந்துவிடும், தூரத்துச் சம்பந்தம் இழுக்கும். சரி, விடு.

நான் சறுக்கியது இந்தத் தூரத்துக் கணக்கில்தான். பிள்ளையின் புராஜெக்ட் ஒரு பாக்டீரியாப் புரதம். பைதான் நிரலை எழுதியது நான். அணுக்களின் இடங்களைப் பதிந்திருக்கும் ஃபைலில் எத்தனாவதாக வருகிறதோ அதையே கண்ணி நம்பராக எடுத்துக்கொண்டேன். எக்ஸ்ரேயில் பார்க்கப் புரதத்தைப் படிகமாக்குவார்கள். அந்தப் படிகத்தில் 64 முதல் 71 வரை ஒரு வளையம் ஆடிக்கொண்டே இருந்ததால் எக்ஸ்ரேயில் தெரியவில்லை, ஃபைலில் விட்டிருக்கிறார்கள். என் கணக்கில் 63-க்கு அடுத்த ஆள் 72 ஆகிவிட்டார். 14 கண்ணி தள்ளியிருந்த ஜோடி ஆறாகச் சுருங்கி, தூரத்து உறவுப் பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டது. கொள்ளிடம் அரித்துக்கொண்டு போன படுகை நிலம் மாதிரிதான்: இடம் இல்லாவிட்டாலும் சர்வே நம்பர் இருக்கும் என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! அது போதாதென்று, செரின் என்ற ஒரு அமினோ அமிலம் தன்னைத்தானே தொட்டுக்கொண்டிருப்பதாக ரிசல்ட். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த செரின் இரண்டு நிலையில் நிற்கக்கூடியது. ஏ என்றும் பி என்றும் ஃபைலில் இரண்டு பதிவு, ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒரே நிலத்துக்கு இரட்டைப் பட்டா. "ஏ-யை மட்டும் வச்சுக்கலாமே பெரியப்பா" என்று ஒரே வரியில் முடித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

உன் மகள் கோத்தகிரிப் பக்கம் மருத்துவ முகாமில் அரிவாள் செல் சோகைக்கு ரத்தம் எடுப்பதாக எழுதியிருந்தாயே. அதுவும் ஒரு காண்டாக்ட் விவகாரம்தான், அவளிடம் சொல். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 கண்ணி. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. ஒரே ஒரு மூலக்கூறை எடுத்து எண்ணினால் அந்த ஆறாவது ஆள் வெளியோரத்தில் அதிகம் யாரையும் தொடாமல் சும்மா நிற்பான். முக்கியமில்லாதவன் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆக்சிஜனை இறக்கிவைத்ததும், பக்கத்து ஹீமோகுளோபினில் 85-வது ஃபினைல்அலனினும் 88-வது லியூசினும் சேர்ந்த பள்ளத்தில் அந்த வாலின் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று கோத்து நாராக நீண்டு, செல்லையே அரிவாளாக வளைத்துவிடுகிறது. இந்தியாவில் இதை முதலில் கண்டதும் நீலகிரியில்தான், 1952-ல். அதனால் பிள்ளையிடம் ஊருக்குள் மட்டும் அளக்காதே, எல்லை தாண்டி அடுத்த ஊரையும் பார் என்றிருக்கிறேன். இப்போது படிகத்தில் பக்கத்து மூலக்கூறுகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதில் எது உடம்புக்குள்ளும் நடப்பது, எது படிகத்தில் நெருக்கியடித்ததால் வந்தது என்று பிரிப்பது தனித் தலைவலி.

தை அறுப்புக்குத் தங்கச்சியோடு கட்டாயம் வா. வாய்க்கால் கரையோர எல்லைக்கல்லை இந்த மழைக்குப் பிறகு காணோம். பக்கத்து வயல்காரர் அது எப்போதுமே இரண்டடி உள்ளேதான் இருந்தது என்கிறார். புலப்பட நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பழைய சங்கிலி பரண் மேல் கிடந்தால் அதையும் கொண்டுவா. பிள்ளைக்கு மடக்கிக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்