‘ஆய்வில் தகவல்’ என்று தலைப்பிடும் ஆசிரியர்களுக்கு

தமிழ் இதழ்களின் மருத்துவப் பக்க ஆசிரியர்களுக்கு வணக்கம்.

காபி குடித்தால் ஆயுள் கூடும், முட்டை தின்றால் இதயம் கெடும், அப்புறம் அடுத்த மாதமே முட்டை நல்லது. இப்படிச் செய்தி போடுவதில் எனக்கு வருத்தமில்லை. அது எந்த மாதிரி ஆய்வு என்று சொல்லாமல் விடுகிறீர்களே, அதுதான் குறை. காபி குடிக்கிறவர்களையும் குடிக்காதவர்களையும் சில வருடங்கள் கவனித்துக் கணக்கெடுத்தார்களா? அல்லது ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்களா? சில செய்திகளில், சோதனை நடந்தது எலிகளிடம் என்பதே கடைசி வரியில்தான் தெரிகிறது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தால், பீட்டா கரோட்டின் பட்ட பாட்டைப் பாருங்கள். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் சத்து அது. அதை உணவில் நிறையச் சேர்த்துக்கொள்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதாகக் கவனிப்பு ஆய்வுகள் வரிசையாகச் சொல்லின. சரி, மாத்திரையாகவே கொடுத்துவிடலாம் என்று பின்லாந்தில் இறங்கினார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தினம் 20 மில்லிகிராம், ஐந்து முதல் எட்டு வருடங்கள். 1994இல் முடிவு வந்தது: மாத்திரை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்களையும் வைத்து, வைட்டமின் ஏவும் சேர்த்துக் கொடுத்த சோதனையை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே 28 சதவீதம் அதிகம்.

கேரட் மேல் தப்பில்லை. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவர், கையில் கொஞ்சம் காசு உள்ளவர், உடம்பைப் பார்த்துக்கொள்பவர். நன்மையில் எவ்வளவு கேரட்டால் வந்தது, எவ்வளவு அந்த வாழ்க்கையால் வந்தது என்று வெறுமனே கவனித்துப் பிரிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அதோடு, ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிய அளவில் விழுங்குவது கேரட் தின்பதாகாது.

அதற்காகக் கவனிப்பு ஆய்வையெல்லாம் குப்பையில் போடச் சொல்லவில்லை. உணவு விஷயத்தில் நீண்ட காலச் சோதனை மிகக் கடினம். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆராய்ச்சி மருத்துவமனையிலேயே தங்கவைத்தது. மிகவும் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், சாதாரண உணவு இரண்டு வாரம். முதல் வகையைச் சாப்பிட்டபோது தினமும் 500 கலோரி போல அதிகம் தின்றார்கள், எடையும் கூடியது. அருமையான சோதனைதான். ஆனால் இருபது வருடம் யாரை அப்படி உட்கார வைக்க முடியும்?

அதனால் 2020இல் வந்த அரிசி ஆய்வு போன்றவற்றைப் போடத்தான் வேண்டும். 21 நாடுகளில் 1,30,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். தெற்காசியாவில் தினம் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களிடம், 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு அதிகம் தென்பட்டது. சீனாவில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. நம் ஊருக்கு இது முக்கியமான சேதி. ‘சோறு தின்றால் சுகர் வரும்’ என்ற தலைப்பு அந்தச் சேதி ஆகாது.

சதவீதத்தையும் தனியாகத் தொங்கவிடாதீர்கள். 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய இடத்தில் அது ஆறு பேர் ஆவது போல. புகையிலை இருக்கும் பட்டியலில் சேர்த்ததும் ‘சிகரெட்டுக்குச் சமம்’ என்று எழுதிவிட்டார்கள். ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதற்கான பட்டியல் அது, ஆபத்தின் அளவுக்கு அல்ல.

கடைசியாக ஒன்று. ஆலிவ் எண்ணெயும் கொட்டைப் பருப்பும் இதயத்துக்கு நல்லது என்று 2013இல் பேர்போன ஸ்பெயின் ஆய்வை, ஆட்களைப் பிரித்ததில் கோளாறு என்று 2018இல் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை, உறுதி மட்டும் சற்றுக் குறைந்தது. இப்படித் திருத்தம் வரும்போது, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களை விடாமல் படிக்கும் வாசகன்