முட்டம் கடற்கரையில் தாங்கிப் பிடித்த அண்ணனுக்கு நன்றி
கடந்த ஜூன் மாதம், கடல் சீற்றத்தால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்பட்டிருந்ததால், 133 அடி வள்ளுவர் சிலையைக் கரையிலிருந்தே வணங்கிவிட்டு, நானும் அம்மாவும் முட்டத்துக்கு வந்தோம். செம்மண் மேட்டிலிருந்து இறங்கும்போது சாரல் பெருமழையாக மாற, அம்மாவின் கால் வழுக்கியது. வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மீனவ அண்ணன் ஒருவர், ஊசியும் நூலும் கையிலிருக்க ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். தார்ப்பாயின் கீழே அமரவைத்து, சுக்குக் காப்பியும் வாங்கித் தந்தார். “ஆனி ஆடியில பாறைப் பக்கம் போகப்பிடாது, அம்மா” என்றார்.

மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை என்பதால் வருமானம் குறையும் காலம் அது. ஆயினும், நீட்டிய பணத்தை அவர் தொடவே இல்லை. பெயர் கேட்க மறந்துவிட்டோம், அண்ணா. அம்மா இப்போது நன்றாக நடக்கிறார், மனமார்ந்த நன்றி.