இரண்டு பேருக்கு முக்கால் லீற்றர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிறன். நீ அம்மாவுக்குப் போட்ட மெசேஜை அவா எனக்குக் காட்டினவா. "கரையிலை மீன் பொரிக்க ஒரு ஆளுக்கு எவ்வளவு எண்ணெய்?" எண்டு ஒரேயொரு வரி. அம்மா உடனை "ஒரு கப் காணும்" எண்டு எழுதப் போனா. நான்தான் மறிச்சனான். எண்ணெய் ஆளைப் பார்த்து ஊத்திறது இல்லை, தாச்சியைப் பார்த்து ஊத்திறது. உன்னட்டை இருக்கிறது நாங்கள் தந்த 25 சென்ரிமீற்றர் வார்ப்பிரும்புத் தாச்சி. அதிலை இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு எண்ணெய் நிக்க முக்கால் லீற்றர் வேணும். ஒரு ஆள் சாப்பிட்டாலும் முக்கால் லீற்றர், இரண்டு பேர் சாப்பிட்டாலும் அதே முக்கால் லீற்றர்தான். ஆனபடியால் கீழை எல்லாத்தையும் இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறன். மிஞ்சினால் மிஞ்சட்டும்.

சாப்பாட்டுக்கு முதல் ஒண்டு. லைஃப் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு போ. வள்ளத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு போறது காணாது, அதுக்கு மேலை குந்தியிருக்கிறதும் காணாது. போட்டு, சிப்பை இழுத்து, பட்டியை இறுக்கு. மே மாதம் மூண்டாம் சனிக்கிழமை மீன்பிடி சீசன் திறக்கேக்கை லேக் ஒஃப் த வூட்ஸ் ஏரியிலை ஐஸ் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மேலை வெயில் எறிச்சாலும் தண்ணி ஐஸ்தான். மனிற்றோபா பல்கலைக்கழகத்திலை குளிரைப் பற்றி ஆராய்ஞ்ச கோர்டன் கீஸ்பிரெக்ற் எண்ட பேராசிரியர் 1-10-1 எண்டு ஒரு கணக்குச் சொல்லுவார். விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு இழுத்து இழுத்துத் திணறும், அதை அடக்கவேணும். பிறகு 10 நிமிஷம்வரை கைகால் சொல்லுக் கேட்கும். 1 மணித்தியாலம் அளவிலை நினைவு தப்பும். ஜாக்கெற் போடாதவனுக்கு அந்த முதல் நிமிஷமே தாண்டாமல் போகலாம். இஞ்சினை நிப்பாட்டிற கயிறையும் கொழுவிக்கொள். வள்ளத்திலை வேறை ஆள் இல்லாட்டி, நீ விழுந்தாலும் அது உன்னை விட்டிட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

இனிச் சாமான். பாதி வேலையை முதல் நாள் இரவே வீட்டிலை முடி. மாவுக்கு ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் அரிசி மா, உப்பு ஒண்டரைத் தேக்கரண்டி, தனி மிளகாய்த்தூள் ஒண்டரை, மிளகுதூள் ஒண்டு, மஞ்சள் அரை. எல்லாத்தையும் ஒரு பெரிய சிப் பையிலை போட்டுக் குலுக்கி வை. அரிசி மா வறுக்காததாய் இருக்கவேணும். அம்மா புட்டுக்கு வைச்சிருக்கிற வறுத்த மா கெதியாய்ச் சிவக்கும், மீன் உள்ளுக்கு வேக முதல் வெளியிலை நிறம் வந்து உன்னை ஏமாத்திப்போடும். அரிசி மாவே இல்லாட்டி, பொரிச்சு ஐஞ்சு நிமிஷத்திலை மொறுமொறுப்புப் போய் இளகிவிடும். உங்கத்தை ஆக்கள் சோளமாவும் நொருக்கின பிஸ்கற்றும் போடுவினம். அதுவும் நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் உனக்குப் பிடிக்காது.

உருளைக்கிழங்கு நடுத்தரமாய் மூண்டு. அரைச் சென்ரிமீற்றர் தடிப்பிலை வட்டமாய் வெட்டி, உப்புத் தண்ணியிலை நாலு நிமிஷம் அவிச்சு, வடிச்சு, நல்லாய் ஆறவிட்டுக் கட்டு. பச்சையாய்க் கொண்டுபோனால் கரையிலை கால் மணித்தியாலம் அதோடையே போயிடும், விறகும் முடிஞ்சிடும். வெங்காயம் ஒண்டு, தேசிக்காய் இரண்டு, பாண் பாதி, கட்டச்சம்பல் சின்னப் போத்தல். பீன்ஸ் 398 மில்லிலீற்றர் ரின் ஒண்டு. மூடியைத் திறந்துபோட்டுத்தான் நெருப்புக்குக் கிட்ட வைக்கவேணும். மூடினபடி வைச்சால் வெடிக்கும். எண்ணெயைக் கடைப் போத்தலோடை கொண்டுபோகாதை. இறுக்கி மூடிற தடிச்ச போத்தலிலை ஊத்தி, அதையும் ஒரு பைக்குள்ளை வை. வள்ளத்தின்ரை தட்டிலை எண்ணெய் ஒழுகினால் நிக்க ஏலாது, வழுக்கும். பேப்பர் ரவல் முழு உருளை. நெருப்புப்பெட்டி இரண்டு, ஒண்டு பையிலை, ஒண்டு நனையாமல் சேட்டுப் பொக்கற்றிலை. நீளக் குறடு, தோல் கையுறை, இரும்புத் தட்டி, தாச்சி மூடி. மூடியை மறக்காதை, ஏனெண்டு கீழை சொல்லுறன். மீன் பிடிபடாமலும் போகலாம். ஒரு ரின் மீன் போட்டுக்கொள். சின்ன மாமாவின்ரை கதை தெரியும்தானே.

கூலருக்கு ஒரு இரண்டு லீற்றர் போத்தல் தண்ணியை ஐஸாய் இறுக வைச்சுக் கொண்டுபோ. உதிரி ஐஸ் போட்டால் உருகின தண்ணிக்குள்ளை மீன் கிடந்து ஊறிச் சதை கூழாகும். அந்த நீலக் கூலரின்ரை மூடி இன்னும் சரியாய் மூடாமலே இருந்தால் புதுசு வாங்கு. காசு வேணுமெண்டால் சொல்லு. உழைக்கிறாய் எண்டு தெரியும், கெனோரா ஆஸ்பத்திரியிலை என்ரை மகன் எண்டு கோயிலிலை காணுற ஆக்களுக்கெல்லாம் நான் சொல்லித்தான் திரியிறன். அந்த ஆஸ்பத்திரியிலை போன் மட்டும் இல்லைப்போலை.

மீன். ரொறன்ரோ மீன்கடையிலை பிக்கரல், உங்கை வோல்ஐ, இரண்டும் ஒண்டுதான். ஸ்போர்ட் லைசென்ஸ் எண்டால் ஒரு நாளைக்கு 4, கன்சர்வேஷன் லைசென்ஸ் எண்டால் 2. 46 சென்ரிமீற்றருக்கு மேலை ஒண்டுதான் வைச்சிருக்கலாம். மத்தியானம் கரையிலை சாப்பிட்டதும் அந்தக் கணக்குக்குள்ளைதான் வரும். வயித்துக்குள்ளை போனது ஆருக்குத் தெரியும் எண்டு பின்னேரம் திரும்பத் தொடங்காதை. சில தண்ணிக்குத் தனிச் சட்டம் இருக்கு, அந்த வருஷப் புத்தகத்தைப் பார். சாப்பிட 35இலை இருந்து 45க்குள்ளை இருக்கிற மீன்தான் நல்லது. பெருசு பெரும்பாலும் முட்டை போடுற பெண் மீன், விடு. 40 சென்ரிமீற்றர் மீன் ஒண்டிலை கால் கிலோ அளவுக்குச் சதை வரும், ஆளுக்கு ஒண்டு காணும். இரண்டு மீன் எடு.

வெட்டிறது உனக்குக் காட்டித் தந்திருக்கிறன், எண்டாலும் எழுதிறன். செவுளுக்குப் பின்னாலை நடுமுள்ளு தட்டுப்படுமட்டும் சரிச்சு வெட்டு. தட்டுப்பட்ட உடனை கத்தியை வால் பக்கம் திருப்பி, முள்ளிலை உரசிற சத்தம் கேட்கக் கேட்க இழு. சத்தம் நிண்டால் சதைக்குள்ளை ஏறிட்டாய் எண்டு அர்த்தம். வயித்து முள்ளை மெல்லிசாய்ச் சீவி எடு. தோலை உரிக்க, வால் நுனியைப் பேப்பர் ரவலாலை பிடிச்சுக்கொண்டு, கத்தியைத் தட்டையாய் வைச்சு, கத்தியைத் தள்ளாமல் தோலை ஆட்டி ஆட்டி இழு. பிறகு சதையின்ரை முன்பக்கத்திலை நடுக்கோட்டை விரலாலை தடவிப் பார், ஊசி மாதிரி முள்ளு வரிசையாய்க் குத்தும். அதின்ரை இரண்டு பக்கமும் கீறி அந்தக் கீலத்தை எடுத்துவிடு. கன்னச் சதையை எறியாதை, காசளவுதான் வரும், ஆனால் மீனிலை திறமான இடம் அதுதான். பைக் மீன் பிடிபட்டால் தண்ணியிலை விடு. அதிலை கவர் கவராய் முள்ளு, அவசரத்திலை வெட்ட ஏலாது.

நெருப்புக்கு முதல், அண்டைக்குத் தடை இருக்கோ எண்டு பார். ஏப்ரல் 1இலை இருந்து ஒக்ரோபர் 31வரை ஒன்ராறியோவிலை காட்டுத்தீக் காலம். மொட்டைப் பாறையிலை மூட்டு, சுத்திவர ஒரு மீற்றருக்குச் சருகு, புல்லு, பாசி ஒண்டும் இருக்கக்கூடாது. அடுப்புக்கல்லைத் தண்ணிக்குள்ளை இருந்து எடுக்காதை, ஈரம் உள்ளுக்கு ஊறின கல்லு சூட்டிலை வெடிச்சுத் தெறிக்கும். விழுந்து கிடக்கிற பேர்ச் மரத்துப் பட்டை நனைஞ்சிருந்தாலும் பத்தும், அதிலை தொடங்கு. விறகு மணிக்கட்டுத் தடிப்புக்கு மேலை வேண்டாம். ஸ்புரூஸ் வெடிச்சு வெடிச்சுப் பொறி பறக்கும், எண்ணெய்க்குக் கிட்ட அது கூடாது. ஜாக் பைன், பொப்லர் நல்லம். நெருப்பை ஒரு பக்கம் எரியவிட்டு மற்றப் பக்கம் தணலை இழுத்து வை. சூடு கூடினால் தாச்சியைத் தணலுக்கு நகர்த்தலாம். தட்டியிலை தாச்சியை வைச்சுக் கொஞ்ச எண்ணெய் விட்டுப் பார். ஒரு பக்கம் ஓடித் தேங்கினால் கல்லைச் சரிப்பண்ணிப்போட்டு மிச்சத்தை ஊத்து.

முதல் கிழங்கு, கடைசியாய் மீன். மீனிலை இருந்து உதிருற மா எண்ணெய்க்கு அடியிலை கருகி மற்றதெல்லாத்தையும் கைப்பாக்கும். ஒரு கிழங்குத் துண்டைப் போட்டுப் பார். அடிக்குப் போய், உடனை நுரைச்சுக்கொண்டு மேலை வந்தால் பதம். புகைஞ்சால் சூடு கூடிப்போச்சு. எண்ணெய் பத்தினால் மூடியாலை மூடிவிட்டுத் தள்ளி நில். தண்ணி ஊத்தாதை. தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஓடாதை. கிழங்கு சிவந்து வரேக்கை வெங்காயத்தைப் போட்டு, இரண்டையும் ஒண்டாய் வடிச்சு எடு. எண்ணெய் திரும்பச் சூடேறட்டும்.

மீனை ஒத்தி ஒத்தி ஈரம் எடு. உப்பை முதலே பூசி வைக்காதை, தண்ணி விட்டு மா பசையாய்ப் போகும். மாப் பையிலை போட்டுக் குலுக்கி எடுத்து, ஐஞ்சு நிமிஷம் தட்டிலை விட்டால் மா பிடிக்கும். பிறகு மூண்டு துண்டு, கூடினால் நாலு. அதுக்கு மேலை போடாதை. பக்கத்துக்கு இரண்டு, மூண்டு நிமிஷம், ஒருக்கால்தான் திருப்பவேணும். சதை வெள்ளையாகி இதழ் இதழாய்ப் பிரிஞ்சால் வெந்திட்டுது.

நாலுக்கு மேலை போட்டால் என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியும். போன வருஷம் சிம்கோ ஏரிக்கரையிலை பேர்ச் மீன் பொரிக்கேக்கை நடந்தது அதுதான். உன்னோடை வந்த பிள்ளை நாலு துண்டு, நாலு துண்டாய் அளவாய்ப் பொரிச்சுக்கொண்டு நிண்டவள். சனம் பசியோடை நிக்குது எண்டு பின்னாலை வந்து இன்னும் ஆறு துண்டை உள்ளுக்குப் போட்டது நான். எண்ணெய் குளிர்ந்து, பொரியிற சத்தம் அப்படியே அடங்கிப்போச்சு. எனக்குக் கேட்டது. மா எல்லாம் கழண்டு அடியிலை போய்க் கிடக்க, அவ்வளவு பேருக்கு முன்னாலை "மாப் பிரட்டவும் தெரியாதோ" எண்டு அவளைக் கேட்டதும் நான்தான். அவள் ஒண்டும் சொல்லேல்லை. குறட்டை என்ரை கையிலை தந்துபோட்டு, கையைப் பேப்பர் ரவலாலை துடைச்சுத் துடைச்சு ஏரியைப் பார்த்துக்கொண்டு நிண்டவள். நீ என்னைப் பார்த்தனி. பிழை என்னிலை எண்டு அப்பவே எனக்குத் தெரியும் தம்பி. போன் எடுக்கிறாய் இல்லை எண்டு உன்னைக் குறை சொல்லுற நான், அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பத்து மாதம் வைச்சிருந்தனான். உங்களுக்குள்ளை என்ன எண்டு நான் கேட்கேல்லை. இந்தப் பந்தியை மட்டும் அவளுக்குக் காட்டு. காட்ட ஏலாட்டி விடு.

முடிய எண்ணெய் ஆறவேணும், அரை மணித்தியாலமாவது. துணியாலை வடிச்சு அதே போத்தலிலை ஊத்திக் கொண்டுவா. ஏரியிலையும் ஊத்தாதை, நெருப்பிலையும் ஊத்தாதை. மீன் குடல், முள்ளு, தோல் எல்லாத்தையும் இரண்டு பையிலை கட்டிக் கூலருக்குள்ளை போடு. கரையிலை விட்டால் கரடி வரும், உனக்கு வராட்டியும் அடுத்த கிழமை வாற ஆக்களுக்கு வரும். நெருப்புக்குத் தண்ணி ஊத்து, கிண்டு, திரும்ப ஊத்து. வெறுங்கையை வைச்சுப் பார், சூடு இருந்தால் அணையேல்லை.

ஜாக்கெற்றைத் திரும்பப் போடு. சாப்பிட்டுப்போட்டு வரேக்கைதான் ஆக்கள் அதைக் கழட்டி வைக்கிறது.

எந்தத் தீவுப் பக்கம் போறாய், எத்தினை மணிக்குத் திரும்புவாய் எண்டு ஆரிட்டையாவது சொல்லிப்போட்டுப் போ. சொல்ல ஆள் இல்லாட்டி எனக்கு எழுது. உங்கை ஏழு மணி எண்டால் இஞ்சை எட்டு. வந்து சேர்ந்தவுடனை ஒரு வரி, அம்மாவுக்குப் போட்ட மாதிரி ஒரு வரி காணும்.

அப்பா

பி.கு: அம்மா வறுத்து அரைச்ச தூள் பார்சலிலை வருது, ஒரு கிலோ. அதை மாவுக்குள்ளை போடாதை, ஏற்கெனவே வறுத்த தூள் எண்ணெயிலை கருகிக் கைக்கும். அரைக் கிலோ உனக்கு. மற்ற அரைக் கிலோ பிள்ளை போனமுறை அம்மாவிட்டைக் கேட்டது.