செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் கார் ஆர்வலர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15 அன்று நாகர்கோவிலிலிருந்து முட்டம் வரை கொடியுடன் சென்று வந்தோம். அக்டோபரில் பேச்சிப்பாறைப் பயணம் மழையால் கைவிடப்பட்டது. டிசம்பரில் நடந்த ரத்ததான முகாமில் 11 பேர் ரத்தம் கொடுத்தனர். செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. அதில் இரண்டு முறை போதிய ஆள் இல்லாமல் தீர்மானம் எதுவும் எடுக்க முடியவில்லை.

இந்த ஆண்டு எங்கே கூடினாலும் நம்மிடையே எழுந்தது ஒரே பேச்சுதான். சின்ன வண்டியில் வேகத்தை விரும்புகிற நம்மைக் கம்பெனிகள் மறந்துவிட்டனவா? 2025 மே மாதம் ஃபோக்ஸ்வேகனின் வேகக் கார் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தபோது இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. 265 குதிரைத்திறன், ஏறக்குறைய 53 லட்சம் ரூபாய், முதல் தவணையில் வந்த 150 வண்டிகளும் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பணத்தில் நம் மாவட்டத்தில் ஒருவர் வீடு கட்டிக் குடிபோய்விடுவார். 1976-இல் முதல் ஜிடிஐ விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தது 110 குதிரைத்திறன்தான், எடை 810 கிலோ. சாதாரணக் குடும்பத்து வண்டியைக் கொஞ்சம் கூர்தீட்டித் தந்ததால்தான் அந்தப் பெயரே நிலைத்தது. அந்தப் பாதையிலிருந்து விலகிவிட்டார்கள் என்ற உறுப்பினர்களின் வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நமக்கான வண்டிகள் வராமல் இல்லை. 2013-இல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தது. 2015-இல் 145 குதிரைத்திறனோடு ஃபியட் புன்டோ அபார்த், 2017-இல் மாருதி பலேனோ ஆர்எஸ், 2018-இல் கோவை ஜெயம் நிறுவனத்தோடு சேர்ந்து டாடா செய்த டியாகோ ஜேடிபி. எல்லாவற்றையும் வாய் நிறையப் பாராட்டினோம். வாங்கினோமா? நம் 41 பேரில் அபார்த் வைத்திருப்பவர் ஒருவர். ஜேடிபி வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. விற்காத வண்டியை எந்தக் கம்பெனியும் தொடர்ந்து செய்யாது. 2022-இல் போலோவும் நின்றபோது துக்கம் விசாரிப்பது போல ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டோம். வரி விதியும் இதில் ஒரு காரணம். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இன்ஜின் என்ற எல்லைக்குள் இருந்தால்தான் சின்ன வண்டிக்கான குறைந்த வரி. 2025 செப்டம்பரில் அது 18 சதவீதமாகவும் ஆகிவிட்டது. வெளிநாட்டில் 1.6 லிட்டர், 204 குதிரைத்திறனோடு விற்ற ஹூண்டாய் ஐ20 'என்' இங்கே வராமல், ஒரு லிட்டர் இன்ஜினும் 120 குதிரைத்திறனும் உள்ள ஐ20 'என் லைன்' மட்டும் வந்ததை இந்த வரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த 'என் லைன்' காரை நம்மில் பலர் 'ஸ்டிக்கர் வண்டி' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பவர் கூடவில்லை, சரி. ஆனால் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள், சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், 2023-இல் காலால் மிதிக்கும் முறையான கிளட்சோடு ஆறு கியர் மேனுவலும் தந்தார்கள். ஆர்வலர் கேட்டதில் பாதியாவது காதில் விழுந்திருக்கிறது. பவரைக் கூட்டாமல் பிரேக்கைக் கூட்டிய கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு, பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள போலோவை ரீமேப் செய்து, அதாவது இன்ஜினின் கணினி அமைப்பை மாற்றி, 105 குதிரைத்திறனிலிருந்து 130-க்கு மேல் ஏற்றிக்கொண்டு, பத்து வருஷத்துப் பழைய பிரேக்கோடு ஓட்டுகிறோம். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு வேகம் கூடினால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் பாதிக்கு மேல் கூடுகிறது. நானும் ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவன்தான். ஆசை தெரியாமல் பேசவில்லை.

இதனால்தான் 'முதலில் பிரேக்' என்ற திட்டத்தை ஜூனில் தொடங்கினேன். பிரேக் ஆயிலில் ஈரம் பார்க்கும் டெஸ்டர், ஆயில் மாற்றும் பம்ப், நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆகியவற்றை 18,600 ரூபாய்க்கு வாங்கினேன். செயற்குழுவின் ஒப்புதலுக்கு முன்பே வாங்கிவிட்டதாகப் பேச்சு வந்தது. உண்மைதான். ஒப்புதலுக்காகக் கூட்டிய கூட்டத்துக்கு என்னோடு சேர்த்து மூன்று பேர்தான் வந்தோம். மழைக்கு முன் தொடங்கியாக வேண்டும் என்பதால் என் கைப்பணத்தைப் போட்டேன். பில்கள் பொருளாளரிடம் இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கு இது ஏன் அவசியம்? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. அதோடு கடல் காற்று. குளச்சல் பக்கம் வாசலில் நிற்கும் வண்டியின் டிஸ்க் சில நாளிலேயே துருப்பிடித்துவிடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்திலுள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான அளவே 155 டிகிரிதான். கொதித்தால் உள்ளே ஆவி நிற்கும், மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். இந்த ஆண்டு 26 வண்டிகளைச் சோதித்தோம். 15-இல் ஆயில் மாற்ற வேண்டிய நிலை. அதில் ஆறு வண்டிகள் ரீமேப் செய்யப்பட்டவை. ஏழு வண்டிகளில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் போயிருந்தது. தக்கலை, மார்த்தாண்டம் பள்ளங்களில் தினமும் ஓடுகிற வண்டிகள் அவை.

நவம்பரில் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகத் திட்டமிட்டோம். வேகத்தைச் சாலையில் காட்டாமல் பந்தயத் தடத்தில் பாருங்கள் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். 14 பேர் பெயர் கொடுத்தார்கள். அறைக்கும் தடத்துக்கும் முன்பணம் கட்டினேன். கிளம்பும் நாள் விடியற்காலை வடசேரியில் வந்து நின்றவை ஐந்து வண்டிகள். மற்ற ஒன்பது பேரில் இருவர்தான் முன்கூட்டியே தகவல் சொன்னார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை. ஆனாலும் போனது வீண் இல்லை. ரீமேப் செய்த ஒரு போலோவின் பெடல் ஆறாவது சுற்றில் இளகிவிட்டது. ஓட்டிய தம்பி இறங்கி வந்து, "அண்ணே, எனக்க வண்டி ஓடுறதுக்குக் கொள்ளாம், நிப்பாட்டத்தான் பயமா இருக்கு" என்றார். அடுத்த ஞாயிறே என் வீட்டுக்கு வந்து ஆயிலும் பேடும் மாற்றினார். வந்த ஐவரில் ஒருவராவது இப்படி மாறினாரே என்ற நிறைவோடுதான் இதை எழுதுகிறேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, முறைகேடாகச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கன்னியாகுமரி சாலையில் போகிற வண்டியில் நம் சங்கத்து ஸ்டிக்கர் இருக்க வேண்டாம் என்று இருமுறை சுற்றறிக்கை அனுப்பினேன். ஒருவர் மட்டும் ஸ்டிக்கரை எடுத்தார்.

கம்பெனிகளுக்கு நம் எதிர்பார்ப்பை எழுத ஒரு படிவம் தயாரித்தேன். ஒன்பது பேர்தான் நிரப்பித் தந்தார்கள். ஒன்பது பேர் கருத்தைச் சங்கத்தின் கருத்து என்று அனுப்ப மனம் வரவில்லை. கடிதம் எழுதி முடித்தபடியே இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக நின்றன. கையிருப்பு கொஞ்சம்தான். விவரத்தைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். கட்டியவர்கள் 17 பேர். மூன்று ஆண்டுகளாகக் கட்டாதவர்களும் உண்டு. அவர்களின் வண்டிகளையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறோம், யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு செட் டயருக்குச் செலவழிப்பவருக்கு 1,200 ரூபாய் பாரமாக இருக்காது என்று நம்புகிறேன்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், ஞாயிறுதோறும் வீட்டு முற்றத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பிப்ரவரி மாதம் மறுபடியும் கோவை போக விரும்புகிறேன், பத்து வண்டியாவது சேர்ந்தால். இந்தப் பொறுப்பில் வேறொருவர் வந்தாலும் மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது ஐந்தாம் ஆண்டாக யாரும் பெயர் கொடுக்கவில்லை. கம்பெனிகளுக்கான கடிதம் இன்று மேசையில் இருக்கிறது. கையெழுத்திட விரும்புவோர் கூட்டம் முடிந்து போகும்போது இடலாம். ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது. டெஸ்டர் வழக்கம்போல என் வீட்டில்தான். ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது மணி வரை எந்த உறுப்பினரும் வண்டியோடு வரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்