காய்க்கும் பழத்துக்கும் நடுவே ஒரு வருஷம்

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற பங்குனியோடு ஒரு வருஷம் ஆகிறது. அன்று காலை என்ன நடந்தது, யார் யார் வந்திருந்தார்கள் என்பதெல்லாம் உனக்கே தெரியும். இந்தப் பக்கத்தை நம் சொந்தக்காரர்கள் படிக்கிறார்கள், என் மாப்பிள்ளையும் படிக்கிறார். அதனால் எவ்வளவு, எத்தனை அடி, யார் முதலில் பேச்செடுத்தது என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நீ விரல் நீட்டியதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உள்ளே கைரேகைக் கருவியில் என் இடது பெருவிரல் மூன்று தடவை வைத்தும் பதியவில்லை. "முந்தானையில துடைச்சிட்டு வைங்கம்மா" என்றது அந்தப் பெண். நாலாவது தடவை பதிந்தது. பூர்வீகச் சொத்தில் என் பங்கை உனக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. 'விடுதலைப் பத்திரம்' என்ற பெயரை அன்றைக்குத்தான் நிறுத்தி வாசித்தேன். எதிலிருந்து எனக்கு விடுதலை என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

நீ எனக்கு முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாய். பெட்டிக்கடையில் ஒரு கடலை மிட்டாய் வாங்கியிருந்தாய். அதைச் சட்டை நுனிக்குள் வைத்துக் கடித்து இரண்டாக்கி, எச்சில் படாத பாதியை என்னிடம் நீட்டினாய். காக்காக் கடி. நான் அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன். அப்புறம் நீ ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டவைத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "பழமா அக்கா?" என்று கேட்டாய்.

உனக்கு வயது 53. தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. மாப்பிள்ளை அப்போதுதான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்திரம் எழுதுகிறவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கோ. இது ஒண்ணும் விளையாட்டு இல்ல" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

உன் விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு அதே இரண்டு விரலால் காதோரம் சொறிந்துகொண்டாய். நீட்டியதே அதற்குத்தான் என்பது போல. பத்திரத்தில் எழுதியிருந்த ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில் இல்லை. இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பேசியது தப்பு. எல்லார் முன்னாலும் பேசியது அதைவிடத் தப்பு. ஆனால் என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. 1992-ல் கல்யாணமான எனக்கு அந்த உரிமை உண்டு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும், "அக்கா, உனக்குச் சம்மதமா?" என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல், கையெழுத்து ஆன பிறகு விரலை நீட்டினாய்.

சின்ன வயதில் அது சரி. நம் தெருவில் சுண்டுவிரலைக் காட்டினால் காய், இரண்டு விரல் சேர்த்தால் பழம். எதற்குக் காய் விட்டாய் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். காலையில் காய், சாயங்காலம் மன்னார்குடி ஹரித்ராநதிக் குளக்கரையில் பழம். அழிரப்பர் திருட்டுக்கும் பம்பரம் உடைந்ததற்கும் அது போதும். இதற்குப் போதாது, தம்பி. பழம் கேட்பதற்கு முன்னால் காய் எதற்கு என்று நீ கேட்டிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி போனில் நீ சொன்னாய்: "நிலாவை விளையாட வான்னு கூப்பிட்டவங்க எல்லாம் பெரியவங்கதானே அக்கா? அப்பா சொல்வாரே!" நான் வைத்துவிட்டேன். சரியான பதில் என்று தெரிந்துதான் வைத்தேன். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவத்தை அப்பா எப்படி நடத்துவார்! குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிட நாலு வழி: சாமம், பேதம், தானம், தண்டம். நீயும் இவனும் ஒன்று என்று கொஞ்சுவது, நீ இவனுக்கு ஈடாக மாட்டாய் என்று குத்துவது, வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டுவது, வராவிட்டால் பார் என்று மிரட்டுவது. ராஜாக்களின் தந்திரத்தையெல்லாம் ஒரு குழந்தைக்காக நிலாவிடம் காட்டியிருக்கிறார்களே என்று சொல்லும்போது அப்பாவின் குரல் உடையும். எழுதிய புலவர்கள் பேரன் பேத்தி எடுத்த வயதுக்காரர்களாகக்கூட இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் வயசுக்குத் தகுந்த மாதிரி எழுதச் சொல்லவில்லை.

ஆனால் குழந்தைப் பேச்சு எல்லாமே காப்பாற்றத் தகுந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ஒப்புக்குச் சப்பாணி' என்ற வார்த்தையை நான் விட்டுவிட்டேன். பிள்ளைத்தமிழில் சப்பாணி என்றால் கை கொட்டுவது, அழகான சொல். தெருவில் அது நடக்க முடியாதவரைக் கேலி செய்யும் சொல்லாகிவிட்டது. அப்படி ஒருவர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்த ஆட்டத்திலும் நீதான் ஒப்புக்குச் சப்பாணி. நீ சின்னவன், அவுட் ஆனால் அழுவாய் என்று கெஞ்சி உன்னைச் சேர்த்துவிட்டவள் நான். அன்று அந்த அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் அதுவாக இருந்தேன். ஆட்டத்தில் உண்டு, கணக்கில் கிடையாது.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அழிக்கப் போவதில்லை.

இந்தப் பொங்கலுக்கு நீ கரும்பும் மஞ்சள்கொத்தும் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி வந்தாய். கதவைத் திறந்து, "வாங்க" என்றேன். "உட்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?" உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து வாடா போடா என்று அழைத்தவள் ஒரு 'ங்க' போட்டால் அது எப்பேர்ப்பட்ட காய் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. நீ போன பிறகு ரொம்ப நேரம் யோசித்தேன். பெரியவர்கள் காய் விட எத்தனை வழி வைத்திருக்கிறோம்! மரியாதை, மௌனம், 'பரவாயில்ல', 'அதெல்லாம் ஒண்ணும் இல்லையே', நீலக் குறி விழுந்தும் பதில் போகாத வாட்ஸ்அப். பழம் விடத்தான் ஒரு வார்த்தை இல்லை. 'மன்னிச்சிடு' என்று நம் வீட்டில் யாராவது யாரிடமாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அம்மா தோசையை இன்னும் கொஞ்சம் முறுகலாகச் சுட்டுப் போடுவாள், அவ்வளவுதான். உன்னிடம் இருந்தது அந்த இரண்டு விரல். அதைத்தான் நான் தட்டிவிட்டேன்.

பதினைந்து நாளைக்கு முன் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கொக்குக் கூட்டம் ஒன்று பறந்து போனது. என்னை அறியாமல் கை நீண்டு, "கொக்கே கொக்கே பூப்போடு" என்று வாய் முணுமுணுத்தது. அப்புறம் நகத்தைப் பார்த்தேன். உனக்குத்தான் எப்போதும் அதிகம் பூ விழும். எனக்கு விழுந்ததில்லை என்று நான் அழுதால், உன் கையை என் கைமேல் வைத்து 'இது உன்னோடது' என்பாய். அந்தப் பையன் எப்படி என்னிடம் கேட்காமல் பத்திரம் தயார் செய்தான் என்று மறுபடி மனசு அங்கேயே போய் நிற்கிறது.

போன வருஷம் நம் ராஜகோபாலசுவாமி கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு நான் வரவில்லை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பல்லக்கில் தவழும் கோலத்தில் ராஜகோபாலன், சுற்றிலும் கூட்டம். வழுக்கைத் தலைக்காரர், பேங்க்கில் வேலை பார்க்கிறவர், கைத்தடி ஊன்றிய பாட்டி, எல்லாரும் அந்தக் குழந்தைமேல் வெண்ணெயை வீசிக்கொண்டிருந்தார்கள். உன் கண்ணாடியில்கூட வெண்ணெய். பதில் போட விரல் வரவில்லை.

இந்த வருஷம் மன்னை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. முதலில் கேட்க வேண்டியதைக் கேள். பதில் நீளமாக இருக்கும், வீடு போய்ச் சேரும் வரைக்கும் சொல்வேன், நடுவில் அழுவேன், பேசாமல் வண்டியை ஓட்டு. அதற்கப்புறம் விரலை நீட்டு. கடலை மிட்டாய் நான் வாங்கிக்கொண்டு வருகிறேன். நீ கடித்துக் கொடுடா.

உன் அக்கா