சொரியாசிஸ்: எதிர்ப்பு சக்தி குறைவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

எதிர்ப்பு சக்தி குறைவதால் சொரியாசிஸ் என்ற தோல் நோய் (செதில் படை) வருகிறது, அதைக் கூட்டினால் சரியாகும் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கம் சொல்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது: எதிர்ப்பு சக்தி அளவுமீறிச் சீறுவதே இந்த நோய்.

தோலில் சிராய்ப்பு பட்டால் மேல்தோல் செல்கள் எல்எல்-37 என்ற புரதத்தைச் சுரக்கும். கிருமியைக் கொல்வது அதன் வேலை. சிதைந்த செல்களின் டிஎன்ஏவோடு அது ஒட்டிக்கொண்டால், எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்களான டென்ட்ரிடிக் செல்களில் ஒருவகை அதை வைரஸ் என்று எண்ணி இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைக் கொட்டும். அதில் உசுப்பேறிய வேறு டென்ட்ரிடிக் செல்கள் இன்டர்லூக்கின்-23 என்ற செய்திப் புரதத்தைச் சுரக்க, அது டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைத் தூண்ட, அவை அதே இனத்து இன்டர்லூக்கின்-17, 22 இரண்டையும் வெளிவிடும். இவை மேல்தோல் செல்களை வேகமாகப் பெருக வைக்கும். அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்க வேண்டும். இங்கே சில நாட்களில் வந்துவிடுகிறது. முதிராமல், உட்கருவோடு வந்து அடுக்கடுக்காகப் படிவதுதான் அந்த வெள்ளிச் செதில். அடியில் ரத்த நுண்குழாய்கள் விரிந்து மேல்வரை ஏறி நிற்பதால், செதிலைப் பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். தூண்டப்பட்ட மேல்தோல் மறுபடியும் எல்எல்-37-ஐச் சுரக்க, சுழற்சி நிற்பதே இல்லை.

செக்யூகினுமாப் ஊசி இன்டர்லூக்கின்-17ஏ-யைத் தடுக்கிறது. பலருக்குத் தோல் தெளிகிறது. சக்திக் குறைவுதான் காரணம் என்றால், அதை மேலும் ஒடுக்கும் இந்த ஊசியால் நோய் முற்றியிருக்க வேண்டுமே!

தெளிந்த இடத்திலும், பழைய தாக்குதலை நினைவில் வைத்திருக்கும் 'நினைவு டி செல்கள்' தங்கிவிடுகின்றன. மருந்தை நிறுத்தியதும் படை அதே இடத்தில் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். 'ரத்தம் சுத்தமாகவில்லை' என்பதெல்லாம் வீண் பேச்சு.

கட்டுரை தொடாத ஆபத்துகளும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையில் படை சட்டென்று மறையும். திடீரென நிறுத்தினால் உடலெங்கும் சீழ்க்கொப்புளமாகச் சீறலாம். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதில் டிஎன்எஃப்புக்குப் பெரும் பங்கு என்பதால். இன்டர்லூக்கின்-17 பூஞ்சைக்கு எதிரான காவல். அதைத் தடுத்தால் வாயில் வெண்படலம் வரலாம். எல்லாவற்றிலும் கொடியது மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எப்போது சாப்பிடுவது என்ற குழப்பம். சொரியாசிஸுக்கு அது வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் விழுங்கினால் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிரே போகலாம். வாய்ப்புண், காய்ச்சல் கண்டால் அடுத்த வேளை மருந்தைப் போடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எதிர்ப்பு சக்தி பற்றிய அந்த வரியைத் திருத்தி, மெத்தோட்ரெக்சேட் எச்சரிக்கையைக் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர்கள் சிலர்