நம்மூர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பெரியவர்களே, ஆச்சிமார்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊருணித் தூர்வாரல், தெருவிளக்கு, சிவராத்திரி அன்னதானம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் மினிட்ஸ் நோட்டில் இருக்கிறது. நான் அதிகம் பேச வேண்டியது ஆரம்ப சுகாதார நிலைய வேலையைப் பற்றித்தான். அதையும் நாம் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

போன கூட்டத்துத் தீர்மானப்படி, நிலையத்தின் பின்பக்க அறையை வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, 'மனநல ஆலோசனை' என்று நீல எழுத்தில் பலகை வைத்தோம். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் வரும் நாளில் அங்கே உட்கார ஏற்பாடு. வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருந்து வரிசையைத் தாண்டித்தான் அந்த அறைக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்பவர்களோ பாதி பங்காளி, பாதி சம்பந்தகாரர். "இன்னார் வீட்டுப் பிள்ளை அந்த ரூமுக்குள்ள போச்சு" என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதாதா? பேசி வைத்த கல்யாணம் நின்றுவிடும். பலகை வைக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகையைக் கழற்றினோம். அங்கிருக்கும் நர்ஸம்மா யோசனைப்படி, பிரஷர் பார்க்கும் மேஜையிலேயே இரண்டு கேள்விகள் சேர்ந்தன. இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்தே கிடக்கிறதா? ஆமாம் என்றால் இன்னும் ஏழு கேள்வி. இந்த ஒன்பது கேள்விப் படிவம் பல நாடுகளில் புழங்குவது. கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும்போது கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தூக்கமில்லை, படபடப்பு, வயிறு எரியுது என்றுதான் நம் ஜனம் வருகிறது. மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யார் வருகிறார்கள்?

ஓர் ஆச்சியைச் சொல்ல வேண்டும், பேர் வேண்டாம். இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்ட வீட்டில் ஒற்றை ஆள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். நடு முற்றத்து வளவைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குப் பக்கத்து அறையோடு சரி. படபடப்புக்கு எத்தனையோ தடவை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் மனச்சோர்வு என்று கண்டு அதற்கு ஃப்ளுவாக்செட்டின் என்ற மாத்திரை எழுதினார்கள். பத்து நாள் கழித்து நம் மகளிர் உறுப்பினர்கள் இருவர் போய்ப் பார்த்தார்கள். ஓலைக் கொட்டானுக்குள் சுகர் மாத்திரை அட்டை பாதி காலி. புது அட்டையில் மட்டும் நாலு குழிதான் உடைந்திருந்தது. "நாலு நாளு தின்னு பாத்தேன், ஒண்ணும் கேக்கல ஆத்தா. சுகர் மாத்திரைதான் முக்கியம்னு அதை மட்டும் விடல" என்றாராம்.

அந்த மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரமாகும். தெளிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இதை ஆச்சியிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அவ்வளவு கூட்டத்தில் டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் சகோதரியிடம், கொட்டானுக்குள்ளும் ஒரு பார்வை பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆச்சிக்கு இப்போது தூக்கம் வருகிறது. வயிற்று எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை.

அடுத்தது மருந்துத் தட்டுப்பாடு. இந்த ஆண்டு இரண்டு தடவை மனநல மாத்திரை தீர்ந்து, "சிவகங்கைக்குப் போங்க" என்று அனுப்பினார்கள். காரைக்குடி போய் பஸ் மாறினால் ஒரு நாள் கூலி போச்சு. அப்படிப் போக முடியாத ஒரு தம்பிக்கு மாத்திரை நின்று, மறுபடி காதில் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. மனு எழுத உட்கார்ந்தபோதுதான் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை முழுசாகப் படித்தோம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம். ஆரம்ப நிலை உட்பட எல்லா நிலை மருத்துவச் சேவையோடும் மனநலத்தை இணைக்க வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவில், அத்தியாவசிய மருந்து எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும் என்ற உறுதி சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலேதான் தொடங்குகிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையம் அதற்கு ஒரு படி கீழே. மருந்துச் சீட்டு எழுத ஓரிடம், மருந்து வாங்க வேறிடம் என்றால் இது என்ன இணைப்பு? அதைத்தான் மனுவில் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

கோயில் குளத்துக்குப் போவதை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை ஐயா. விபூதி பூசிக்கொள்ளட்டும், மாத்திரையும் போடட்டும். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்தது நம் பக்கத்து மாவட்டத்தில்தான்.

2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி ஆலோசனையின் இலவச எண் 14416-ஐ ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். தமிழிலேயே பேசலாம். ஒரு வாரத்துக்குள் அதன்மேல் காதுகுத்து போஸ்டர் ஏறிவிட்டது. ஒட்டியவர் நம் உறுப்பினர்தான், கூட்டம் முடிந்ததும் பேசிக்கொள்கிறேன்.

வீடுகளுக்குப் போய்வர இன்னும் நான்கு பேர் வேண்டும். விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பேர் எழுதுங்கள். கழற்றிய பலகை சங்கக் கட்டடத்தில்தான் கிடக்கிறது. பின்பக்கம் நல்ல தேக்கு, யாருக்காவது பயன்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நன்றி, வணக்கம்.